மழை விட்டதும், வெயில் ஏறுமுன்: நாசிக்கின் ஒயின் நிலம்

உலகின் பேர்பெற்ற ஒயின் நாடுகளில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 30 பாகையிலிருந்து 50 பாகை வரையுள்ள இரண்டு பட்டைகளுக்குள் இருக்கின்றன. நாசிக் இருப்பது 20ஆம் பாகையில். ஐரோப்பியத் திராட்சைக் கொடி பழகிய ஆண்டுச் சுழற்சியில் பாதி அங்கே இல்லை. இலை உதிரும் பருவம் கிடையாது, கொடி உறங்கும் பனிக்காலமும் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் தென்மேற்குப் பருவமழை இருக்கிறது. பழம் பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் அழுகல்தான் மிஞ்சும். இதை எந்தத் திராட்சை விவசாயியும் அறிவான். அப்படிப்பட்ட நிலத்தில் 1997இல் சாவிஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ரகங்கள் ஒயினுக்காகவே நடப்பட்டன. இன்று இந்திய ஒயினின் பெரும்பகுதி அந்த ஒரு மாவட்டத்திலிருந்துதான் வருகிறது.

இது எப்படி முடிந்தது என்று கேட்டால் எரிமலை மண், கோதாவரி நீர், மலைக்காற்று என்று விளம்பரங்கள் அடுக்கும். அவை பொய்யல்ல. ஆனால் நாசிக் ஒயினின் சுவையையும் அதன் வரம்புகளையும் முதலில் தீர்மானிப்பது நாள்காட்டிதான் என்பது என் முடிவு. மழை விடுவதற்கும் வெயில் ஏறுவதற்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து மாத இடைவெளி இருக்கிறது. கொடி துளிர்த்து, பூத்து, காய்த்து, பழுத்து, அறுவடையாவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். மண், உயரம், ரகம், நீர் ஆகிய மற்றவை அனைத்தும் அந்த இடைவெளிக்கு உட்பட்டே வேலை செய்கின்றன.

முதலில் மழையின் வரைபடம். மும்பையிலிருந்து வரும் ரயில் கசாரா கணவாயில் ஏறி இகத்புரியை அடையும் இடத்தில் சகியாத்ரி மலையின் முகடு இருக்கிறது. அரபிக்கடலில் இருந்து வரும் மேகம் அங்கே மோதி ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரப் பீடபூமியில் உள்ள நாசிக் நகரத்துக்குக் கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டர்தான். இன்னும் கிழக்கே சின்னர், நிபாட் பக்கம் போனால் அதுவும் குறைகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மழை இப்படிச் சரியும் நிலத்தில் பயிரும் அதற்கேற்ப மாறுகிறது. இகத்புரியில் நெல் வயல்கள், நிபாட் வட்டத்தின் லாசல்காவில் நாடறிந்த வெங்காயச் சந்தை, இரண்டுக்கும் நடுவே கங்காபூர், திண்டோரி, ஓஜர், பிம்பள்காவ் என்று திராட்சை. மேற்கே போகப் போக உயரமும் குளிர்ச்சியும் கூடும், மழையும் கூடும். கிழக்கே போகப் போக மழை குறையும், வெயிலும் கரிசலும் கூடும். ஒயின் தோட்டக்காரர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒன்றைப் பெற்று இன்னொன்றை இழக்கிறார். இகத்புரி வட்டத்தின் சஞ்சேகாவில், முகனே அணைக்கு அருகே தோட்டம் வைத்தவர்கள் ஈரத்தின் அபாயத்தை ஏற்றுக்கொண்டு குளிர்ச்சியைத் தேடியவர்கள். நிபாட் வட்டத்துக் குந்தேவாடியில் இருப்பவர்கள் வெயிலை ஏற்றுக்கொண்டு, சிசிலியின் சூட்டுக்குப் பழகிய நேரோ தாவோலா, கிரில்லோ போன்ற ரகங்களைத் தேடிப்போனார்கள்.

பனிக்காலம் வராத ஊரில் திராட்சைக் கொடி தானாக உறங்காது, ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருக்கும். அப்படியே விட்டுவிட்டால் சில மொட்டுகள் இப்போதும் சில பிறகும் துளிர்த்து, ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் பழமும் கலந்து நிற்கும். ஒயினுக்கு அது உதவாது. ஒரு தோட்டத்துப் பழமெல்லாம் ஒரே வாரத்தில் பழுத்தால்தான் அறுவடை செய்து நொதிக்க வைக்க முடியும். எனவே கத்தரிக்கோலே அங்கே பனிக்காலத்தின் வேலையைச் செய்கிறது, அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை.

அறுவடை முடிந்து ஓய்வு கொடுத்த பிறகு, ஏப்ரல் வெயிலில் முதல் கவாத்து. மராட்டி விவசாயிகள் இதைக் கரட் சாட்ணி என்கிறார்கள். கொடியை ஏறக்குறைய மொட்டையாக்கி விடுவார்கள். துளிர்த்து வரும் புதுக் கிளைகளில் காய் எடுப்பதில்லை. அந்தக் கிளைகள் பருவமழை முழுவதையும் வெறும் இலையோடு கடந்து, முற்றி, பழுப்பு நிறக் கம்புகளாகும். மழை விட்டதும், பெரும்பாலும் அக்டோபரில், இரண்டாவது கவாத்து. முற்றிய கம்புகளில் சில மொட்டுகளை மட்டும் விட்டு வெட்டுவார்கள். அந்த மொட்டுகளிலிருந்து வரும் துளிரில்தான் அந்த ஆண்டின் குலை இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் எளிமையானது: நான்கு மாத மழையின்போது கொடியில் நனைவதற்குப் பழமே இல்லாதபடி செய்துவிடுகிறார்கள்.

ஆனால் இதிலும் வானிலைக்கு ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. அக்டோபரில் துளிர்க்கப்போகும் மொட்டுக்குள் குலை உருவாகுமா, வெறும் இலைதான் வருமா என்பது ஏப்ரல் கவாத்துக்குப் பின் ஏறத்தாழ 40 முதல் 60 நாட்களுக்குள், அதாவது மே இறுதியிலும் ஜூனிலும் முடிவாகிவிடுகிறது. அப்போது மொட்டின் மேல் நல்ல வெளிச்சம் விழ வேண்டும். கவாத்து தாமதமாகி, மேகம் முந்திக்கொண்டால் அடுத்த ஆண்டு விளைச்சல் குறையும். பிப்ரவரியில் ஒருவர் அறுக்கும் குலையின் எண்ணிக்கையை முந்தைய ஜூன் மாத வானம் தீர்மானித்திருக்கிறது. நாசிக் விவசாயி மழைக்கு முந்திய வெயிலை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அக்டோபர் கவாத்துக்குப் பிறகு எல்லா மொட்டுகளும் ஒரே சமயத்தில் விழிப்பதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை அவற்றின் மேல் தடவுகிறார்கள். குளிர் செய்ய வேண்டியதை வேதிப்பொருள் செய்கிறது. அது தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாத நஞ்சு; உடலில் அது மதுவோடு சேர்ந்தால் கடுமையாக உபாதை செய்யும் என்பதால், தடவும் நாளிலும் அதையொட்டிய நாட்களிலும் மது தொடக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. கவாத்துக்கும் மருந்துக்கும் வருபவர்களில் பெரும்பாலோர் பேட், சுர்கானா போன்ற மலை வட்டங்களைச் சேர்ந்த பழங்குடித் தொழிலாளர்கள். நிலமும் காலநிலையும் ஒயினை உருவாக்குகின்றன என்று பேசும்போது, இல்லாத பனிக்காலத்தைத் தங்கள் கையால் உண்டாக்கித் தருபவர்கள் இவர்கள் என்பதை விட்டுவிட எனக்கு மனமில்லை. கையுறையும் முகமூடியும் அவர்களுக்குத் தவறாமல் கிடைக்க வேண்டும்.

இனி அந்த ஐந்து மாதத்துக்குள் நடப்பது. பிரான்சின் போர்தோவில் கொடி ஏப்ரலில் துளிர்த்து, பகல் நீண்டுகொண்டே போகும் நாட்களில் வளர்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும். பழம் பழுப்பதோ ஆகஸ்ட், செப்டம்பரில். பகல் சுருங்கி, இரவு குளிர்ந்து, வெப்பம் இறங்கிவரும் நேரம் அது. நாசிக்கில் இது தலைகீழ். அங்கே கொடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, பகல் பதினோரு மணி நேரமாகச் சுருங்கும் காலத்தில் வளர்கிறது. பழுப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பகல் நீள்கிறது, வெப்பம் ஏறுகிறது. ஜனவரி இரவில் 10 பாகைக்கு இறங்கும் வெப்பமானி மார்ச் பகலில் 35ஐத் தாண்டும். நிபாட் பகுதியில் சில ஆண்டுகளில் குளிர்கால விடியலில் 5 பாகைக்கும் கீழே போயிருக்கிறது. அதே தோட்டத்தில் இரண்டு மாதம் கழித்து நிழல் தேட வேண்டியிருக்கும்.

நாசிக் ஒயினைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு இந்தத் தலைகீழ் வரிசையே விடை. திராட்சையின் மாலிக் அமிலம் வெப்பத்தில் கரைந்துபோகும், குளிர்ந்த இரவு அதைக் காப்பாற்றும். ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுக்கப்படும் வெள்ளை ரகங்களுக்கு அந்தக் குளிர் கிடைத்துவிடுகிறது. ஷெனின் பிளாங்க் அங்கே நிலைத்ததற்குக் காரணம் புரிந்துவிடுகிறது: வெப்பத்திலும் புளிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகம் அது. நுரைக்கும் ஒயினுக்கான பழத்தைச் சர்க்கரை முழுதாக ஏறும் முன்பே அறுப்பார்கள் என்பதால் அதற்கும் இந்த இடைவெளியின் முற்பகுதி பொருந்துகிறது. பிரான்சின் மொயே ஹென்னெஸி குழுமம் 2013இல் தன் ஷாந்தோன் ஒயினை இந்தியாவில் அறிமுகப்படுத்தத் திண்டோரியைத் தேர்ந்தெடுத்தது இந்த நோக்கில் சரியான முடிவு.

சிவப்பு ரகங்களின் கதை கடினமானது. ஷிராஸ், கேபர்னே சாவிஞோன் போன்றவற்றில் தோலின் நிறமியும் துவர்ப்பைத் தரும் டானினும் நிதானமாகப் பக்குவப்பட வேண்டும். அதற்குள் வெப்பம் ஏறி, சர்க்கரை விரைந்து குவிந்து, அமிலம் சரிந்துவிடுகிறது. டானின் பக்குவப்படக் காத்திருந்தால் மதுச்சத்து கூடி, ஒயின் தட்டையாகும். முன்னதாக அறுத்தால் பச்சை வாசனையும் கசப்பும் நிற்கும். இந்த இக்கட்டில் ஷிராஸ் கேபர்னேயைவிட முந்திப் பழுப்பதால் தப்பிக்கிறது. திண்டோரி என்ற வட்டத்தின் பெயரையே தாங்கி வரும் ஒயின் ஷிராஸாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நாசிக் கேபர்னே நன்றாக வருவதும் உண்டு. ஆனால் அது அந்த ஆண்டின் மார்ச் மாதம் காட்டிய கருணையைப் பொறுத்தது.

பிரேசிலின் தென்கிழக்கு மலைநாட்டில், மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில், இதே சிக்கலுக்கு இதே விடையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார்கள். அங்கேயும் கோடையில்தான் மழை. அவர்களும் இரண்டு முறை கவாத்து செய்து அறுவடையைப் பனிக்காலத்துக்குத் தள்ளினார்கள். ஆனால் அவர்களுடைய பனிக்காலம் நீளமானது, தோட்டங்களும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பவை. அதனால் ஷிராஸ் குளிர்ந்த, வறண்ட நாட்களிலேயே முழுதாகப் பழுத்து முடிகிறது. நாசிக்கில் அந்த நீளம் கிடைக்காததுதான் வேறுபாடு. செப்டம்பரிலேயே கவாத்து செய்து அறுவடையை முன்னே இழுக்கலாமே என்று தோன்றும். முயன்றவர்கள் உண்டு. ஆனால் இளந்துளிரின் மேல் கடைசி மழை விழுந்தால் அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் பூங்கொத்தை அழித்துவிடும். முந்தினால் பூஞ்சை, பிந்தினால் வெயில். கவாத்துத் தேதியைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரு நாசிக் தோட்டக்காரர் ஆண்டில் எடுக்கும் மிகப் பெரிய முடிவு.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்காணம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பாறை. அது சிதைந்து உண்டானவைதான் பள்ளத்தின் கரிசலும் சரிவின் செம்பழுப்புச் சரளையும், அதன் அடியில் கிடக்கும் முரம் என்ற உதிரிப் பாறையும். கரிசல் நீரைப் பிடித்து வைத்து வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதில் கொடி இலையாக வளர்ந்து பழத்தை மறந்துவிடும். சரிவில் நீர் வடிந்துவிடும், வேர் கீழே இறங்கும், குலை சிறுத்துச் சுவை கூடும். எனவே ஒயின் தோட்டத்துக்குச் சரிவு நல்லது, பள்ளம் உணவுத் திராட்சைக்கு. இதற்கு மேல் எரிமலைப் பாறையின் சுவை கோப்பையில் தெரிகிறது என்று சொல்பவர்களை நான் நம்பத் தயங்குகிறேன். மண் அங்கே முதன்மையாக நீரின் வழியாகவே பேசுகிறது. உப்புக்கும் வறட்சிக்கும் அஞ்சி விவசாயிகள் டாக்ரிட்ஜ் என்ற முரட்டு வேர்க்கன்றின் மேல் ஒட்டுக்கட்டினார்கள். அது உயிரைக் காப்பாற்றியது, ஆனால் மண்ணிலிருந்து பொட்டாசியத்தை அதிகமாக இழுத்துப் பழத்தின் புளிப்பை மழுங்கச் செய்தது. வெயிலில் ஏற்கெனவே அமிலம் குறையும் ஊருக்கு இது இரட்டை இழப்பு. பிற்காலத் தோட்டங்கள் பல 110 ஆர் போன்ற அடக்கமான வேர்க்கன்றுகளுக்கு மாறியது மண்ணைப் பற்றிய எந்தப் புகழுரையைவிடவும் ஒயினின் தரத்தை உயர்த்தியிருக்கும்.

நீரின் கணக்கு இன்னும் விசித்திரமானது. குலை வளரும் ஐந்து மாதமும் மழையற்றவை. மேற்கு முகட்டில் ஜூலையில் பெய்த மழை கங்காபூர் அணையிலும் முகனேயிலும் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக் குட்டைகளிலும் தேங்கி, ஜனவரியில் சொட்டுநீர்க் குழாய் வழியே கொடியின் காலடிக்கு வருகிறது. பழம் நிறம் மாறும் நேரத்தில் அந்தச் சொட்டையும் குறைத்து, இலை வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைப் பழத்துக்குத் திருப்பலாம். பழுக்கும்போது மழை பெய்யும் ஐரோப்பிய ஊர்களுக்கு வாய்க்காத கட்டுப்பாடு இது. ஆனால் அந்த நீர் நாசிக்குக்கு மட்டும் சொந்தமல்ல. கோதாவரி கீழே மராத்வாடாவின் ஜாயக்வாடி அணைக்குப் போகிறது. வறட்சி ஆண்டுகளில் நாசிக் அணைகளிலிருந்து ஜாயக்வாடிக்கு நீர் திறப்பது நீதிமன்றம் வரை சென்ற சண்டை. ஓர் ஏக்கருக்கு ஒயின் திராட்சை எவ்வளவு சிக்கனமாகக் குடித்தாலும், குடிநீருக்குத் தவிக்கும் ஊர்களுக்கு மேல்மடையில் அது நிற்கிறது என்பதை மறைக்க முடியாது.

இந்த நிலம் ஒயினுக்கு வந்த வழியும் காலநிலையோடு பின்னியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஓஜர் வட்டாரத்தில் உணவுத் திராட்சை தொடங்கிவிட்டது. இரண்டு கவாத்து முறையைக் கற்றதும் தாம்சன் விதையிலா ரகத்தை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ததும் அந்த விவசாயிகள்தான். பின்னால் ஒயினுக்கு வந்தவர்கள் அந்த அறிவின் மேல்தான் கட்டினார்கள். 1980களிலேயே பூனா மாவட்டத்து நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே நுரைக்கும் ஒயின் செய்து காட்டியிருந்தார். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் கலிபோர்னிய ஒயின் நிபுணர் கெரி டாம்ஸ்கியின் துணையோடு சூலா என்ற ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். 2000இல் முதல் ஒயின் வெளிவந்தது. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று கொள்கை வகுத்து, கலால் வரி விலக்கும் விஞ்சூரில் ஒயின் பூங்காவும் கொடுத்தது. ஆலைகள் பெருகின. 2008க்குப் பின் வந்த சந்தைச் சரிவில் பழம் வாங்க ஆளில்லாமல் பல விவசாயிகள் ஒயின் கொடிகளைப் பிடுங்கினார்கள். ஒயின் திராட்சை ஏக்கருக்குத் தரும் எடை உணவுத் திராட்சையில் பாதியளவுதான். விலை உறுதி இல்லாவிட்டால் யாரும் அதை வைத்திருக்க மாட்டார்கள். நீண்டகால ஒப்பந்தம் கொடுத்த ஆலைகளின் பகுதிகளில்தான் தோட்டங்கள் தங்கின.

பனிக்காலம் இல்லாத நிலத்துக்கு நாசிக்கின் விடை மட்டுமே விடையல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு 10ஆம் பாகைக்கும் கீழே, இரண்டு பருவமழையும் எட்டும் இடத்தில், முல்லைப் பெரியாற்று நீரில் விளைகிறது. அங்கே பன்னீர் திராட்சை பந்தலில் படர்ந்து, தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு மாதங்களில் கவாத்து செய்யப்பட்டு, ஆண்டு முழுவதும் சந்தைக்கு வருகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகத்துக்கு நல்ல மணம் உண்டு. ஆனால் உலர்ந்த, குளிர்ந்த நீண்ட இடைவெளி அங்கே இல்லை. இரவுக்கும் பகலுக்கும் நாசிக் அளவுக்கு வெப்ப வேறுபாடும் இல்லை. ஆண்டு முழுக்கப் பழம் என்பதே கம்பத்தின் பலம். நாசிக்கின் பலமோ ஆண்டில் ஏழு மாதம் பழமே இல்லாமல் இருப்பது. கம்பத்தில் ஒயின் தொழில் வளர வேண்டும் என்று பேசுபவர்கள் நாசிக்கின் ரகங்களைக் கடன் வாங்காமல், மஸ்கட்டின் மணத்துக்கேற்ற இனிப்பு ஒயினிலிருந்து தொடங்குவதே நல்லது.

இப்போது அந்த ஐந்து மாத இடைவெளியின் இரண்டு முனைகளும் நகர்கின்றன. பருவமழை விலகும் சராசரித் தேதிகளை இந்திய வானிலை ஆய்வுத்துறை 2020இல் திருத்தியது. மும்பைக்கு முன்பு செப்டம்பர் 29 என்றிருந்தது அக்டோபர் 8 ஆனது. முகட்டின் இப்புறம் இருக்கும் நாசிக் தோட்டக்காரருக்கு இந்த ஒன்பது நாள் சாதாரணமல்ல. கவாத்து ஒன்பது நாள் தள்ளினால் அறுவடை மார்ச் வெயிலுக்குள் ஒன்பது நாள் போகிறது. 2019இல் அக்டோபர் கடைசி வரை விடாமல் பெய்த மழை, புதிதாகக் கவாத்து செய்த தோட்டங்களைப் பாழாக்கியது. மறுமுனையில் 2014 பிப்ரவரி, மார்ச் மாத ஆலங்கட்டி மழை பழுத்து நின்ற குலைகளை அடித்துச் சென்றது. உணவுத் திராட்சைக்காரர்கள் சிலர் பிளாஸ்டிக் கூரை போடுகிறார்கள். ஒயின் திராட்சையின் வருமானம் அந்தச் செலவைத் தாங்காது.

இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, முந்திப் பழுக்கும், வெயிலிலும் புளிப்பைக் காக்கும் ரகங்களுக்கு மாறுவது. பிரெஞ்சுப் பெயர்களின் கவர்ச்சியைவிட இத்தாலியத் தெற்கு, ஸ்பெயின், போர்ச்சுகல் ரகங்கள் நாசிக்குக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். தெம்ப்ரானில்லோ ஏற்கெனவே அதைக் கொஞ்சம் காட்டியிருக்கிறது. இன்னொன்று, மேற்கே உயரத்துக்கு ஏறுவது. அங்கே மழை விலகுவது இன்னும் தாமதம் என்பதால், எந்தச் சரிவு காற்றாட இருக்கிறது, எதில் ஈரம் தேங்குகிறது என்று ஒவ்வொரு சரிவாகத் தெரிய வேண்டும். சீசாவில் நாசிக் என்ற ஒரே பெயர் எழுதப்படும்வரை அந்தத் தகவல் சேராது. 3,000 மில்லிமீட்டர் மழையும் 500 மில்லிமீட்டர் மழையும் ஒரே பெயருக்குள் இருக்கும்போது நுகர்வோருக்கும் எதுவும் புரியாது, எங்கே எதை நடலாம் என்று விவசாயிக்கும் வழி கிடைக்காது. திண்டோரி, சஞ்சேகாவ், குந்தேவாடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மழை, இரவு வெப்பம், கவாத்துத் தேதி, அறுவடைத் தேதி என்று பதிவேடு வைத்து, அதன்படி உட்பகுதிகளைப் பிரித்துப் பெயர் கொடுக்க வேண்டும். ஆலைகள் இந்தக் கணக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன. பூனாவின் மாஞ்சரியில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தின் கையில் அவை ஒன்றாகச் சேர்ந்தால், அடுத்த கொடியை எந்தச் சரிவில் நடுவது என்ற கேள்விக்குச் சிறு விவசாயிக்கும் விடை கிடைக்கும்.